பிரதேச சபைத் தேர்தலுக்குக் கூகுள் அனலிட்டிக்ஸ்: ஐந்துக்கு மூன்றரை

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தளத்துக்கு எத்தனை பேர், எங்கிருந்து வந்து, என்ன பார்த்தார்கள் என்று எண்ணிச் சொல்கிற கூகுளின் இலவசக் கருவிதான் அனலிட்டிக்ஸ். ஒரு சின்ன ஊர் வேட்பாளரின் இணையத்தளத்துக்குக் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 வைத்துப் பார்த்ததில், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையில் மூன்று, இரண்டே இரண்டு வசதிகளுக்கு: அனுப்புகிற ஒவ்வொரு இணைப்புக்கும் பெயர் ஒட்டி அனுப்பலாம், தளத்துக்குள் வந்தவர்கள் என்ன சொல்லைத் தேடினார்கள் என்று பார்க்கலாம். மிச்சம் அரைதான், திறந்தவுடன் கண்ணைப் பறிக்கிற அத்தனை வரைபடங்களுக்கும் உலகப் படங்களுக்கும் சேர்த்து.

எனக்குத் திருகோணமலையில் சின்ன அச்சுக்கடை. அழைப்பிதழ், பில் புத்தகம், மரண அறிவித்தல், தேர்தல் வந்தால் துண்டுப்பிரசுரம். இணையத்தளம் செய்து கொடுப்பது கடையோடு ஒட்டிய பக்கத் தொழில். 2023 மார்ச் 9இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் இழுபட்டு, அந்த வேட்புமனுக்களும் இரத்தாகி, கடைசியில் 2025 மே 6இல்தான் வந்தது. பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கு ஒரு சுயேச்சைக் குழுவில் கேட்ட அக்கா ஒருவர் துண்டுப்பிரசுரம் அடிக்க வந்தார். பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டை நிரப்பப் பெயர் கொடுத்த ஆளில்லை. வீடு வீடாக நடக்கிற ஆள். அவரிடம் ஏற்கெனவே யாரோ ஒரு விளம்பர நிறுவனத்தார் வந்து, மாதாமாதம் ‘ரீச்’ (எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்ற) அறிக்கை தருகிறோம் என்று ஒரு விலை சொல்லியிருந்தார்கள். அந்த விலையைக் கேட்டுத்தான் நான் வாயைத் திறந்தேன்: “அக்கா, கூகுள்ல இது சும்மா கிடைக்கும். நானே போட்டுத் தாறன்.”

போடுவது கஷ்டமில்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளத்தில் ஒரு துண்டு நிரலை ஒட்டினால் சரி. கஷ்டம் என்னவென்றால், யூடியூபில் தமிழில் இருக்கிற பாடங்களில் கனக்கப் பழைய பதிப்புக்கானவை. அந்தப் பழைய பதிப்பு 2023 யூலை 1இல் தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டது. அதில் சொன்ன மெனுக்களைப் புதியதில் தேடினால் பைத்தியம் பிடிக்கும். புதியதில் எல்லாமே ‘ஈவென்ட்’, அதாவது நிகழ்வு. பக்கம் திறந்தால் ஓர் ஈவென்ட், 90 வீதம் கீழே உருட்டினால் ஓர் ஈவென்ட், பிடிஎஃப் இறக்கினால் ஓர் ஈவென்ட். ஒருவர் பத்து விநாடிக்கு மேல் பக்கத்தில் நின்றாலோ, இரண்டாவது பக்கம் திறந்தாலோ அவரை ‘ஈடுபாடு காட்டியவர்’ என்று எழுதிக்கொள்ளும். பத்து விநாடி! எங்கள் ஊரில் 3ஜி திணறுகிற இடத்தில் படம் இறங்கவே அதற்கு மேல் போகும். அந்த எண்ணை நான் யாருக்கும் காட்டவில்லை.

முதல் வாரத்தில் அக்காவுக்கு மிகவும் பிடித்தது நாடுகளின் பட்டியல். கனடா, பிரான்ஸ், லண்டன், சுவிஸ் என்று நீலப் புள்ளிகள். “பாத்தியா பிள்ளை, எத்தனை பேர்!” என்று போனைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் நீட்டினார். வெளிநாட்டில் இருந்துகொண்டு இலங்கைத் தேர்தலில் வாக்குப் போட வழியில்லை. ஆகவே நான் செய்த முதல் வேலை, இலங்கையை மட்டும் காட்டுகிற வடிகட்டியைப் போட்டது. எண்ணிக்கை சரசரவென்று இறங்கியது. அக்காவின் முகமும்தான். ஆனால் அந்த இறங்கின எண்ணில் இருந்துதான் வேலை தொடங்கும்.

அடுத்தது ஊர்ப் பட்டியல். பாலையூற்றா, உப்புவெளியா, அன்புவழிபுரமா என்று பார்க்கலாம் என ஆசைப்பட்டு இதைத் திறக்கவே வேண்டாம். கருவி ஊரைக் கண்டுபிடிப்பது ஐபி முகவரியை, அதாவது இணைய இணைப்புக்குக் கிடைக்கிற எண்ணை வைத்து. கைபேசி டேட்டாவில் வருபவர்கள் பெரும்பாலும் ‘கொழும்பு’ என்றே விழுகிறார்கள், ஆள் இருப்பது ஆனந்தபுரியில் என்றாலும். இதைக் கூகுளின் குற்றமென்று சொல்லவும் முடியாது. ஐபியை வைத்து ஊகிக்கிற எந்தக் கருவிக்கும் இதே கதிதான். மொழிப் பட்டியலும் அப்படியே. அது காட்டுவது போனின் அமைப்பு மொழியை. இங்கே முக்கால்வாசிப் பேர் போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டுதான் தமிழ் வாசிக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து “ஆங்கிலம் தெரிந்தவர்கள் எங்களை ஆதரிக்கிறார்கள்” என்று அக்காவின் அத்தான் ஒரு கூட்டத்தில் சொல்லப் போனார். நல்லவேளை, ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது.

சரி, உருப்படியான விஷயத்துக்கு வருவோம். யூடிஎம்.

இணைப்பின் வாலில் மூன்று சொற்களை ஒட்டுவதுதான் யூடிஎம்: எங்கிருந்து, எந்த வழியாக, எந்தப் பிரசாரத்துக்காக. கூகுள் 2005இல் வாங்கிய ‘அர்ச்சின்’ (Urchin) என்ற கம்பனியின் பெயரில் இருந்து வந்ததுதான் முதல் எழுத்தான அந்த ‘யூ’. இதை ஒட்டாவிட்டால் வாட்ஸ்அப்பில் இருந்து வருகிற பெரும்பாலானோர் ‘டைரக்ட்’ (நேரே வந்தவர்) என்ற ஒரே பெட்டிக்குள் போய் விழுவார்கள். யார் எங்கிருந்து வந்தார் என்பது தெரியாது. பேஸ்புக்கில் இருந்து வருபவர்களோ கைபேசிக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று மூன்று நாலு பெயரில் சிதறுவார்கள். எங்கள் ஊரில் தேர்தலே வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கிறது. விளையாட்டுக் கழகக் குழு, கோயில் பரிபாலன சபைக் குழு, மாதர் சங்கக் குழு, பாடசாலைப் பெற்றோர் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனி வால் போட்டு இணைப்புக் கொடுத்தோம். துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்த கியூஆர் குறியிலும் இடத்துக்கு ஒரு வால். அச்சுக்காரிக்கு அது பெரிய வேலையா என்ன, தகட்டில் ஒரு மூலையை மாற்றுவதுதானே.

வந்த முடிவு நாங்கள் யாரும் நினைத்தது இல்லை. கூட்டங்களில் கையில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தின் கியூஆரை யாரும் பெரிதாகத் தொடவில்லை. சலூன்களிலும் ஒரு வைத்தியரின் டிஸ்பென்சரியிலும் மேசையில் வைத்துவிட்டு வந்தவை நன்றாக வேலை செய்தன. காத்திருக்கிற மனிதர், கையில் போன், முன்னால் ஒரு தாள். அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் கொண்டுபோகிற கட்டைக் குறைத்து, சலூன் சலூனாகப் பிள்ளைகளை அனுப்பினோம். குழுக்களிலும் அப்படித்தான். ஆரவாரமான இளைஞர் குழுவில் கைதட்டல் படம் நிறைய விழும், இணைப்பைத் திறக்கிறவர் சொற்பம். பெற்றோர் குழுவில் ஒரு சத்தமும் இராது, ஆனால் திறந்து, இரண்டு மூன்று பக்கம் வாசித்துவிட்டுப் போவார்கள். நேரத்தையும் பார்த்தோம்: விடியற்காலையில் அனுப்பியது வணக்கப் படங்களுக்குள் புதைந்துவிடும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அனுப்பியதைத்தான் வாசித்தார்கள்.

இதில் இரண்டு சிக்கலைக் கவனிக்கவேண்டும். ஒன்று, வாலில் எழுதுகிற பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறாகக் கணக்காகும். ஒருவர் ஒரு மாதிரியும் மற்றவர் இன்னொரு மாதிரியும் அடித்தால் ஒரே குழு இரண்டு வரியாகப் பிரிந்து நிற்கும். எல்லாம் சின்ன எழுத்து என்று முதல் நாளே சட்டம் போட்டுவிடுங்கள். மற்றது, வால் போன இடமெல்லாம் கூடவே போகும். பாலையூற்றுக் குழுவுக்குக் கொடுத்த இணைப்பை ஒருவர் பாரிஸில் இருக்கிற மச்சானுக்குத் தள்ளிவிட்டால், மச்சானும் பாலையூற்றுக் கணக்கில்தான் வருவார். மேலே சொன்ன இலங்கை வடிகட்டி அப்போது கைகொடுக்கும்.

இரண்டாவது வசதி தளத்தின் தேடல் பெட்டி. வேர்ட்பிரஸின் தேடலை அனலிட்டிக்ஸ் தானாகவே பிடித்துக்கொள்ளும். தனியாக ஒன்றும் செய்யத் தேவையில்லை. அக்காவின் தளத்தில் முதலில் இருந்தவை: வாழ்க்கைக் குறிப்பு, குழுவின் கொள்கை, படங்கள், ஒரு நீண்ட அறிக்கை. மக்கள் பெட்டியில் அடித்த சொற்கள்: வடிகான், தெருவிளக்கு, குப்பை வண்டி, மான். ஆமாம், மான். ரவுணுக்குள் திரிகிற புள்ளிமான்கள் பொலித்தீன் தின்று சாவதைப் பற்றி எந்த வேட்பாளர் என்ன சொல்கிறார் என்று யாரோ தேடியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் விட அதிகமாக வந்தது சோலைவரி, வீடு வளவுக்குச் சபை அறவிடுகிற வரி. சிலர் தமிழில், சிலர் ஆங்கில எழுத்தில், அதிலும் நாலைந்து விதமாக. எங்கள் தளத்தில் சோலைவரி பற்றி ஒரு சொல் கிடையாது. தேடினவருக்கு ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்ற வெற்றுப் பக்கம்தான் போயிருக்கும்.

அன்றே ஒரு பக்கம் எழுதினோம். எந்தச் சட்டத்தின் கீழ் அறவிடுகிறார்கள் (1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம்), ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக்கும் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு என்பது, அந்தப் பணத்துக்கு என்ன சேவை கேட்க உரிமை இருக்கிறது, அக்கா வந்தால் என்ன செய்வார். எளிய தமிழில், பந்தி பந்தியாக. வாழ்க்கைக் குறிப்பைப் பின்னுக்குத் தள்ளி இதை முதற்பக்கத்தில் வைத்தோம். இரண்டாம் முறை அடித்த துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கம் முழுக்க இதுதான். வீட்டு வாசலில் அக்கா பேசுகிற பேச்சும் அதோடு மாறியது. நான் இந்தக் கருவிக்குப் போட்ட மதிப்பெண்ணில் பெரும்பங்கு அந்த ஒரு பட்டியலுக்குத்தான். காசு கொடுத்தும் கிடைக்காத கருத்துக்கணிப்பு அது. ஆளின் முகத்தைப் பார்த்து “எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லாத கருத்துக்கணிப்பு.

வீடியோ விஷயத்தில்தான் வீட்டுக்குள் சண்டை. ட்ரோன் விட்டு, கடலைக் காட்டி, கோணேசர் மலையைச் சுற்றி, இசை போட்டு எடுத்த படம். அத்தான் செலவு. முதற்பக்கத்தின் தலையில் அது. யூடியூப் வீடியோவை யாராவது ஓடவிட்டால் 10, 25, 50, 75 வீதத்தில் ஒவ்வொரு தடமாகப் பதியும். பெரும்பாலானோர் 25ஐத் தாண்டவே இல்லை. டேட்டா போகிற பயமோ, பொறுமையின்மையோ. இதை வைத்து அத்தானோடு பேசப் போகும்போது ஒபாமாவைத் துணைக்கு அழைத்தேன். 2007 டிசம்பரில் ஒபாமாவின் பிரசாரத் தளத்தில் டான் சிரோக்கர் என்பவர் ஒரு சோதனை வைத்தார். நாலு பொத்தான், ஆறு படம் அல்லது வீடியோ, மொத்தம் 24 சேர்க்கை, ஏறக்குறைய 310,000 பார்வையாளர். பிரசாரக் குழுவினர் பெரிதும் விரும்பியது ஒரு வீடியோவை. வென்றது ஒரு குடும்பப் படமும் ‘மேலும் அறிய’ என்ற பொத்தானும். பதிவு செய்தவர் விகிதம் 8.26இல் இருந்து 11.6 வீதமாக ஏறியது. வீடியோ ஒவ்வொன்றும் படங்களை விடக் கீழே. அத்தான் மனம் இளகினார். வீடியோ உள்ளே ஒரு பக்கத்துக்குப் போனது, முதற்பக்கத்தில் அக்கா வடிகான் ஓரத்தில் நின்று ஒருவரோடு கதைக்கிற படம் வந்தது.

ஆனால் அந்தச் சோதனையை அப்படியே நம் ஊரில் செய்ய வெளிக்கிடாதீர்கள். அங்கே மூன்று லட்சம் பேர். இங்கே ஒரு வட்டாரத்தின் வாக்காளர் எல்லோரும் தளத்துக்கு வந்தாலும் சில ஆயிரம். அதை இரண்டாகப் பிரித்து, இந்தப் பொத்தானுக்கு இவ்வளவு, அந்தப் பொத்தானுக்கு அவ்வளவு என்றால், வருகிற வித்தியாசம் தற்செயலாகவே இருக்கலாம். கூகுளிடம் அதற்கென்று இருந்த இலவசக் கருவி ‘ஆப்டிமைஸ்’கூட 2023 செப்டெம்பர் 30இல் மூடப்பட்டுவிட்டது. சின்ன ஊருக்கு அது ஒரு இழப்பு இல்லை.

ஒரு வேட்பாளருக்குத் தளத்தில் நடக்கவேண்டிய காரியம் ஒன்றே ஒன்று: வந்தவர் தொடர்புகொள்ள வேண்டும். வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தினால் அது வேறு தளத்துக்குப் போகிற இணைப்பு என்பதால் கருவி தானாகவே எண்ணும். தொலைபேசி எண்ணைத் தொட்டு அழைத்தால் எண்ணாது. அதற்குக் கூகுளின் இன்னொரு கருவியான டேக் மேனேஜரில் தனியாக ஒரு விதி எழுத வேண்டும். எங்கள் பக்கம் வயதானவர்கள் எழுதுவதில்லை, அழைப்பார்கள். அந்த விதி இல்லாவிட்டால் அவர்கள் யாருமே கணக்கில் வரமாட்டார்கள், நீங்களும் தளம் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

‘ரியல்டைம்’ பக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. கடந்த 30 நிமிடத்தில் எத்தனை பேர் என்று ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க விடாது. அக்காவின் மகன் சோற்றுக் கோப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அதில் பாதி அவனும் அவனுடைய சிநேகிதர்களும்தான். மே 3 நள்ளிரவோடு பிரசாரம் முடிந்து அமைதிக் காலம் தொடங்கியதும் விளம்பரம், பதிவு எல்லாவற்றையும் நிறுத்தினோம். தளம் மட்டும் இருந்தது. அந்த இரண்டு நாளும் அவன் அந்தப் பக்கத்தை மூடவேயில்லை. அதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்கமுடியாது. அன்றன்றைய முழுக் கணக்கே ஒழுங்காக வந்து சேர ஒரு நாள், இரண்டு நாள் எடுக்கும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்லவேண்டும். வால் ஒட்டுகிற வசதியைப் பார்த்ததும் குழுவில் ஒருவருக்கு யோசனை வந்தது: ஒவ்வொரு வாக்காளருக்கும் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுத் தனி இணைப்பு அனுப்பினால், யார் திறந்தார் யார் திறக்கவில்லை என்று தெரியுமே! நான் மாட்டேன் என்றேன். ஆளை அடையாளம் காட்டுகிற எதையும் அனலிட்டிக்ஸுக்குள் அனுப்பக்கூடாது என்பது கூகுளின் விதி. மீறினால் கணக்கே போகலாம். அதை விடுங்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு இன்னார் இன்ன கட்சிப் பக்கத்தை இத்தனை மணிக்கு வாசித்தார் என்று ஒரு பட்டியல் செய்து வைப்பது என்ன வேலை? இந்த ஊரில் பெயர்ப் பட்டியல்களால் என்ன நடந்தது என்று அறுபது வயதுக்கு மேற்பட்ட யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். இனவாரியாக வால் போடலாமே என்றும் ஒரு குரல் வந்தது. தளத்தில் தமிழ்ப் பக்கமும் சிங்களப் பக்கமும் இருந்தன, எது எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதே போதும் என்று முடித்தோம். குழு, இடம், நேரம். அதற்குக் கீழே இறங்கவில்லை.

தமிழ் ஆட்களுக்கு மட்டும் வருகிற ஒரு தொல்லையும் உண்டு. பக்கத்தின் முகவரியைத் தமிழில் வைத்தால் அறிக்கையில் அது சதவீதக் குறியும் ஆங்கில எழுத்துமாக நீண்டு கிடக்கும். ‘குடிநீர்’ என்ற நாலெழுத்துச் சொல் 72 குறிகளாக விரியும். எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் கண் பூத்துப்போகும். முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள், தலைப்பைத் தமிழில் வையுங்கள், அறிக்கையைத் தலைப்புவாரியாகப் பாருங்கள்.

வேறு கருவிகளும் இருக்கின்றன. மட்டோமோ நல்லது, தரவு உங்கள் சேர்வரிலேயே இருக்கும். ஆனால் சேர்வரைப் பார்க்க ஆள் வேண்டும். பிளோசிபிள் ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் காட்டும், குக்கீயே (பார்வையாளரின் போனில் பதிகிற அடையாளக் கோப்பு) வைக்காது, மாதாமாதம் வெளிநாட்டுக் காசில் கட்ட வேண்டும். மைக்ரோசொப்ட் கிளாரிட்டி இலவசம், பக்கத்தின் எந்த இடத்தில் விரல் பட்டது என்பதைச் சூட்டுப்படமாகக் காட்டும். முதற்பக்கத்தைத் திருத்த அது போதும். நேரமில்லாத வேட்பாளர் என்றால் நான் பிளோசிபிளைச் சொல்வேன். காசில்லாதவருக்குக் கூகுள் அனலிட்டிக்ஸ்தான்.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். பேஸ்புக் விளம்பரத்துக்கு வைத்த பெயரையே வாலிலும் வைத்திருந்ததால், எந்த விளம்பரத்துக்கு எவ்வளவு போனது, அதில் எத்தனை பேர் உண்மையில் வந்தார்கள் என்று ஒரே மேசையில் வைத்துப் பார்க்க முடிந்தது. ட்ரோன் வீடியோவின் வரிக்கு வந்ததும் அத்தான் தண்ணீர் குடிக்க எழும்பிப் போனார்.

அக்கா வட்டாரத்தில் வெல்லவில்லை. வென்றிருந்தாலும் இந்தக் கருவியால்தான் என்று நான் எழுதியிருக்க மாட்டேன்.

கணக்குத் திறந்த அன்றே செய்யவேண்டிய ஒன்று: அட்மினுக்குள் போய் ‘டேட்டா ரிடென்ஷன்’ (தரவை வைத்திருக்கும் காலம்) என்ற இடத்தில் 2 மாதம் என்று இருப்பதை 14 மாதம் ஆக்குங்கள். பிறகு மாற்றினால் போன தரவு திரும்பி வராது. 14 மாதத்துக்கு மேல் இலவசக் கணக்கில் விரிவான தரவை வைத்திருக்கவும் முடியாது. அக்கா அடுத்து மாகாண சபைக்குக் கேட்கலாமா என்று யோசிக்கிறார். கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். 2017இல் சபை கலைந்தது, அதோடு சரி. அந்தத் தேர்தல் வரும்வரை கூகுள் எங்களுக்காகக் காத்திருக்காது என்பதால் தேடல் சொற்களையும் வால் கணக்கையும் கோப்பாக இறக்கி வைத்திருக்கிறேன். இறக்குகிறவர்கள் எக்செலில் நேரே திறக்காதீர்கள், தமிழ் எல்லாம் குதறுப்பட்டு வரும். கூகுள் ஷீட்ஸில் திறந்தால் சோலைவரி சோலைவரியாகவே இருக்கும்.